'டூ' என்னும் சிறுசொல்

ஆங்கிலம் என்றவுடன் நம் மாணவருள் பலர் நீண்ட சொற்களுக்கே அஞ்சுகின்றனர். அகராதியைப் புரட்டுகின்றனர், பத்தும் பன்னிரண்டும் எழுத்துடைய சொற்களை ஏட்டில் எழுதி உருப்போடுகின்றனர். ஆனால், வகுப்பறையிலும் நேர்முகத் தேர்விலும் அவர்களை இடறச் செய்வது அந்த நீண்ட சொல் அன்று. இரண்டே எழுத்துடைய 'டூ' என்னும் வினைச்சொல்லே பெரும்பாலும் அவ்வேலையைச் செய்துவிடுகிறது.

மொழியியல் பயிலும் மாணவன் என்பதால், தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து இத்தலைநகருக்கு வந்துள்ள முதலாண்டு மாணவர் சிலர் மாலை வேளைகளில் என் அறைக்கு வருவதுண்டு. அவர்கள் கேட்கும் ஐயங்களைத் தொகுத்துப் பார்த்தேன். சுற்றிச் சுற்றி அவை இந்த ஒரு சொல்லிலேயே வந்து நின்றன. ஆதலின் இச்சொல்லின் பொருள், பிறப்பு, வழக்கு ஆகிய மூன்றையும் இக்கட்டுரையில் ஆராயலாம் என்று எண்ணினேன். இதை விளங்கிக்கொள்ள நமக்கு வேண்டிய திறவுகோல் நம் தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது என்பதே நான் கூற விரும்பும் செய்தி.

பொருள்

'டூ' என்பதற்குச் 'செய்' என்று பொருள் கூறுவோம். நிகழ்காலத்தில் 'டூ', 'டஸ்' என்றும், இறந்தகாலத்தில் 'டிட்' என்றும், எச்ச வடிவங்களில் 'டன்', 'டூயிங்' என்றும் அது வரும். 'டூ யுவர் வர்க்' என்றால் 'உன் வேலையைச் செய்' என்பது பொருள். இதில் ஐயம் ஏதுமில்லை.

ஆயினும், செய்தற் பொருளோடு அச்சொல் நின்றுவிடுவதில்லை. 'தட் வில் டூ' என்று கடைக்காரரிடம் ஒருவர் கூறினால், 'அது போதும்' என்று பொருள். 'ஹீ இஸ் டூயிங் வெல்' என்றால், 'அவர் நலமாக இருக்கிறார்' என்றோ, 'நன்றாக முன்னேறுகிறார்' என்றோ பொருள். 'ஹவ் டூ யூ டூ?' என்று புதிதாக அறிமுகமாகும் ஒருவர் கேட்கும்போது, இரண்டாவதாக நிற்கும் 'டூ' இந்தப் பொருளையே தருகிறது. அதற்கு விடையாக நம் உடல்நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அதே தொடரைத் திருப்பிக் கூறுதல் பழைய மரபு.

'வாட் டூ யூ டூ?' என்பதும் 'வாட் ஆர் யூ டூயிங்?' என்பதும் வேறுவேறு கேள்விகள். முன்னது தொழிலைக் கேட்பது. பின்னது இப்போது நடக்கும் செயலைக் கேட்பது. தமிழில் 'என்ன செய்கிறீர்கள்?' என்னும் ஒரே கேள்வி இடத்திற்கேற்ப இரண்டையும் குறிக்கும். ஆகவே நம்மவர் இங்கே தடுமாறுவது இயல்பே. முன்னதற்கு, 'மாணவனாக இருக்கிறேன்' என்பது விடை. பின்னதற்கு, 'கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்' என்பது விடை.

இன்னொரு தடுமாற்றமும் உண்டு. தமிழில் வீட்டுப்பாடமும் செய்கிறோம்; தவறும் செய்கிறோம்; நாற்காலியும் செய்கிறோம். ஆங்கிலத்தில் வீட்டுப்பாடத்திற்கு 'டூ' வரும். தவறுக்கும் நாற்காலிக்கும் 'மேக்' வரும். ஒரு செயலில் ஈடுபடுதலை 'டூ' குறிக்கும் என்றும், முன் இல்லாத ஒன்றை உண்டாக்குதலை 'மேக்' குறிக்கும் என்றும் பொதுவாகக் கொள்ளலாம். இதற்கு விலக்குகள் பல உண்டு. அவற்றைப் படித்தும் கேட்டுமே பழகிக்கொள்ள வேண்டும்.

பிறப்பு

இனி இச்சொல்லின் குடிப்பிறப்பைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் இது 'டோன்' என்று வழங்கியது. செருமன் மொழியில் 'டூன்' என்றும், டச்சு மொழியில் 'டூன்' என்றும் இன்றும் ஒலிக்கிறது. சொல்லின் முதலில் மட்டும் செருமானியர் வல்லொலியையும், டச்சுக்காரர் மெல்லொலியையும் எழுதி ஒலிப்பர். இம்மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

1786ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஆசியக் கழகத்தில் ஆற்றிய உரையில், சமற்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரே மூலத்தினின்றும் பிறந்தனவாதல் வேண்டும் என்றார் வில்லியம் சோன்சு. பின்னர் வந்த அறிஞர்கள் அவ்வுறவை ஒலி விதிகளாக வகுத்தனர். யாக்கோபு கிரிம் 1822இல் விளக்கிய விதிகளின்படி, சமற்கிருதத்தில் மூச்சொலியோடு வரும் தகரம் ஆங்கிலத்தில் டகரமாக நிற்கும். நாம் அறிந்த சொற்களைக் கொண்டே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். 'மது' என்பதற்கு இணை 'மீட்' என்னும் தேன்கள். 'விதவை' என்பதற்கு இணை 'விடோ'. 'மத்தியம்' என்பதற்கு இணை 'மிட்'. 'ருதிரம்' என்னும் குருதிப் பெயருக்கு இணை செந்நிறத்தைக் குறிக்கும் 'ரெட்'. இவ்வரிசையிலேயே சமற்கிருதத்தின் 'தா' என்னும் வினையடிக்கு இணையாக ஆங்கிலத்தில் நிற்பது 'டூ'. கொடுத்தலைக் குறிக்கும் 'தா' வேறு. இந்தத் 'தா' வேறு. இதற்கு 'வை', 'இடு' என்பன பொருள்.

ஆகவே, 'டூ' என்பதன் மிகப் பழைய பொருள் செய்தல் அன்று, வைத்தல் என்பதாம். ஆடை அணிவதைக் குறிக்கும் 'டான்' என்னும் வினையில் அப்பழம்பொருளின் சாயல் இன்றும் தெரிகிறது. அது 'டூ ஆன்' என்னும் இரு சொற்கள் ஒட்டிப் பிறந்தது. தொப்பியைக் கழற்றுவதைக் குறிக்கும் 'டாஃப்' என்பது 'டூ ஆஃப்' என்பதன் சுருக்கம். உடல்மேல் இடுதலும் உடலினின்று எடுத்தலும் இவற்றின் பொருள்.

இவ்வேரினின்றும் கிளைத்த சொற்களை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். சேர்த்து வைத்தல் 'சந்தி'. உள்ளே இட்டு வைத்தது 'நிதி'. முன்னே வைத்தது 'பிரதானம்'. நெஞ்சை வைத்தல் 'சிரத்தை'. இலத்தீனில் 'நம்புகிறேன்' என்னும் பொருளுடைய 'கிரேடோ' என்னும் சொல் இந்தச் சிரத்தையின் உடன்பிறப்பு. அதிலிருந்து வந்ததே வங்கிகளில் வழங்கும் 'கிரெடிட்' என்னும் சொல். கிரேக்கத்தில் இதே வேர் 'தீசிஸ்' என்று கிளைத்தது. ஆராய்ச்சி மாணவர் இரவெல்லாம் விழித்து எழுதும் 'தீசிஸ்' என்பதற்குச் சான்றோர் முன் வைக்கப்பட்ட கருத்து என்பதே வேர்ப்பொருள். இலத்தீனில் முதலெழுத்து பகரம் போன்ற உதட்டொலியாகத் திரிந்து 'ஃபாகெரே' என்றாயிற்று. 'ஃபேக்ட்', 'ஃபேக்டரி' முதலியன அதன் வழிவந்தவை. ஆகவே, 'டீட்' என்பதும் 'ஃபேக்ட்' என்பதும் ஒரே வேரின் இரு தளிர்கள். இரண்டிற்கும் தொடக்கத்தில் 'செயல்' என்பதே பொருள்.

என் உள்ளத்தை மிகவும் கவர்ந்த இணை வேறொன்று. 'டூம்' என்னும் ஆங்கிலச் சொல் இன்று கேட்டினையும் அழிவினையும் குறிக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அதற்குச் சட்டம், தீர்ப்பு என்பன பொருள். 1086ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நிலங்களை அளந்தெழுதிய பெருங்கணக்கிற்கு 'டூம்ஸ்டே புத்தகம்' என்று மக்கள் பெயரிட்டனர். அதில் எழுதியதற்கு மறுமொழி இல்லை, அதுவே முடிந்த தீர்ப்பு என்பது கருத்து. வைத்தல் என்னும் வேரினின்றும் பிறந்து, வகுத்து வைத்த சட்டமாகி, பின்னர் மனிதனால் மாற்ற இயலாத ஊழைக் குறிக்க வந்த சொல் இது. நம்மிடையே வழங்கும் 'விதி' என்னும் சொல்லும் இதே வேரினின்றும் பிறந்தது. அதுவும் முதலில் சட்டம்; பின்னர் ஊழ். இலக்கண விதி என்கிறோம். தலைவிதி என்றும் நொந்துகொள்கிறோம். ஒரு வேரில் பிறந்த இரண்டு சொற்கள், ஆயிரக்கணக்கான கல் தொலைவு பிரிந்து வாழ்ந்தும், ஒரே பாதையில் நடந்து ஒரே இடத்தை அடைந்திருக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். மேலே காட்டியவை தமிழில் வழங்கும் வடசொற்கள். நம் 'செய்' என்னும் சொல்லுக்கும் 'டூ' என்பதற்கும் இரத்த உறவு இல்லை. தெலுங்கின் 'சேயு', கன்னடத்தின் 'கெய்', மலையாளத்தின் 'செய்' ஆகியவையே அதன் உறவினர். திராவிட மொழிகள் தனிக்குடும்பம் என்பதைக் கால்டுவெல் 1856இல் தம் ஒப்பிலக்கணத்தில் விரிவாக நிறுவினார். ஓசை ஒத்திருப்பதனாலேயே உறவு கூறிவிடுதல் கூடாது. கொள்ளைக்கூட்டத் தலைவனைக் குறிக்கும் 'டான்' என்பதற்கும், ஆடை அணியும் 'டான்' என்பதற்கும்கூட உறவில்லை. முன்னது தலைவன் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது.

பொருளற்ற துணைவினை

இதுவரை கண்டது பொருளுடைய 'டூ'. நம் மாணவரை வருத்துவது இந்த 'டூ' அன்று. 'டூ யூ நோ ஹிம்?' என்னும் கேள்வியில் முதலில் நிற்கிறதே, அந்த 'டூ'வுக்கு என்ன பொருள்? 'அவரை உங்களுக்குத் தெரியுமா?' என்று தமிழாக்கினால் அந்த 'டூ' எங்கோ மறைந்துவிடுகிறது. பொருளில்லாத ஒரு சொல்லை ஏன் இத்தனை முறை வழங்குகிறார்கள்?

பழைய ஆங்கிலத்தில் இந்த வழக்கம் இல்லை. வினைச்சொல்லை எழுவாய்க்கு முன்னே நிறுத்தினால் கேள்வி ஆகிவிடும். பிற்காலத்திலும் 'நோ யூ ஹிம்?' என்று கேட்டனர். 'ஐ நோ நாட்' என்று மறுத்தனர். சேக்சுபியர் காலத்தில் பழைய முறையும் புதிய முறையும் அருகருகே வாழ்ந்தன. அவர் நாடகங்களில் இரண்டையும் காணலாம். சுவீடன் நாட்டு அறிஞர் ஆல்வர் எல்லெகார்டு, பழைய நூல்களில் இத்தொடர்களை எண்ணித் தொகுத்து, 1953இல் ஓர் ஆய்வு நூலை வெளியிட்டார். எதிர்மறைக் கேள்விகளில் 'டூ' முந்திப் பரவியதையும், பிற கேள்விகளில் அதனையடுத்துப் பரவியதையும், எதிர்மறைக் கூற்றுகளில் பின்தங்கி வந்ததையும் அவர் கணக்குகள் காட்டுகின்றன.

இந்த 'டூ' எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. அண்டை மொழியாகிய வேல்சு முதலிய கெல்டிய மொழிகளின் தாக்கம் என்பர் சிலர். பிறவினையினின்றும் வந்தது என்பர் வேறு சிலர். இரண்டாவது கருத்து தமிழர்க்கு எளிதில் விளங்கும். இராசராச சோழன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டினான் என்கிறோம். கட்டச் செய்தான் என்றும் கூறலாம். அரசன் கல் சுமக்கவில்லை என்பது யாவர்க்கும் தெரியும். ஆகவே 'கட்டினான்', 'கட்டச் செய்தான்' ஆகிய இரண்டிற்கும் பொருள் ஒன்றாகவே நிற்கிறது. அப்படியானால், 'செய்தான்' என்பது அங்கே தன் பொருளை இழந்து வெறும் காலங்காட்டும் சொல்லாக நின்றுவிடுகிறது. ஆங்கிலத்தின் 'டிட்' என்பதும் இத்தகைய தொடர்களிலேதான் வெறுமையாயிற்று என்பது அக்கருத்து.

உடன்பாட்டுக் கூற்றிலும் ஒருகாலத்தில் இந்த 'டூ' அழுத்தமின்றியே தாராளமாக வந்தது. பின்னர் அது மறைந்துவிட்டது. ஆனால் சட்டத்தின் மொழி எதையும் எளிதில் கைவிடுவதில்லை. 1949 நவம்பர் 26ஆம் நாள் ஏற்றுக்கொள்ளப்பட்ட நம் அரசியலமைப்பின் முகப்புரையை ஆங்கிலத்தில் படித்துப் பாருங்கள். நாம் அதனை ஏற்று நமக்கே வழங்கிக்கொள்கிறோம் என்னும் இடத்தில், வினைகளுக்கு முன்னே ஒரு 'டூ' கம்பீரமாக நிற்பதைக் காண்பீர்கள். நீதிமன்ற உறுதிமொழிகளிலும் அதனைக் காணலாம்.

தமிழ் காட்டும் வழி

இனி, நம் மாணவர் செய்யும் பிழைக்கு வருவோம். 'ஹீ டிட் நாட் வென்ட்' என்கின்றனர் சிலர். 'ஷீ டஸ் நாட் கம்ஸ்' என்கின்றனர் வேறு சிலர். நடந்து முடிந்த செயல் அல்லவா, ஆகவே 'வென்ட்' என்று கூறினேன் என்பது அவர்கள் வாதம். இந்த வாதத்தைத் தமிழைக் கொண்டே தகர்த்துவிடலாம்.

'ஆசிரியர் கட்டுரையைத் திருத்தினார். மாணவனைப் பாராட்டவும் செய்தார்' என்று எழுதுகிறோம். பின்னைய வாக்கியத்தில் காலத்தையும் இடத்தையும் காட்டுவது எது? 'செய்தார்' என்னும் சொல். பாராட்டு என்னும் வினை, 'பாராட்ட' என்று காலங்காட்டாத எச்சமாகச் சுருங்கி நிற்கிறது. 'பாராட்டினாரும் செய்தார்' என்று பள்ளிக்குச் செல்லாத சிறுவனும் கூற மாட்டான். எதிர்மறையிலும் அப்படியே. 'போகவில்லை' என்கிறோம். 'போக' என்பது காலங்காட்டாத எச்சம். அதனையடுத்துத் துணைச்சொல் வருகிறது.

'பாராட்ட', 'போக', 'வர' போன்ற இவ்வடிவத்திற்கு நம் இலக்கண நூலார் இட்ட பெயர் என்ன? 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்பது. இப்போது ஆங்கில விதியைத் தமிழில் ஒரே வரியில் எழுதிவிடலாம்: 'டூ' வந்தால் காலமும் இடமும் அதன்மேல் ஏறும், முதல்வினை 'செய' வடிவில் நிற்கும். 'டிட்' என்பது இறந்தகாலத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே 'வென்ட்' என்பது 'கோ' என்று ஆகிவிட வேண்டும். 'டஸ்' என்பது படர்க்கை ஒருமையின் சகரத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே 'கம்ஸ்' என்பது 'கம்' என்று ஆகிவிட வேண்டும். ஒரு சுமையை இருவர் தலையில் ஏற்றுவானேன்?

இதனை இன்னும் தெளிவாகக் காண ஒரு வழியுண்டு. 'வென்ட்' என்னும் சொல்லுக்குள் 'டிட்', 'கோ' என்னும் இரண்டும் ஒளிந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். 'கம்ஸ்' என்பதற்குள் 'டஸ்', 'கம்' என்னும் இரண்டும் ஒளிந்திருக்கின்றன. சாதாரணக் கூற்றில் அந்த 'டூ' வெளியே வருவதில்லை. கேள்வி கேட்டால் வெளியே வரும்: 'டிட் ஹீ கோ?' மறுத்தால் வரும்: 'ஹீ டிட் நாட் கோ.' அழுத்திக் கூறினால் வரும்: 'ஹீ டிட் கோ.' அவன் போகத்தான் செய்தான் என்பது இதன் பொருள். விருந்தினரை 'டூ கம்' என்று அழைத்தால், 'அவசியம் வாருங்கள்' என்னும் அன்பு அதில் தொனிக்கும்.

தமிழின் வரலாறும் இதே திசையில் நடந்திருப்பதைக் காண வியப்பாக இருக்கிறது. பழந்தமிழில் 'அறியேன்', 'காணேன்' என்று எதிர்மறை வினைக்குள்ளேயே அடங்கியிருந்தது. இன்று 'அறியவில்லை', 'காணவில்லை' என்று எச்சத்தையும் துணைச்சொல்லையும் இணைத்துக் கூறுகிறோம். 'ஐ நோ நாட்' என்பது 'ஐ டூ நாட் நோ' என்று ஆனதும் இத்தகைய மாற்றமே.

'டூ' வாராத இடங்கள்

மூன்று இடங்களை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும். முதலாவது: 'இஸ்', 'கேன்', 'வில்' போன்ற துணைவினைகள் இருக்குமிடத்தில் 'டூ' வாராது. சுமை தூக்க ஆள் இருக்கும்போது இன்னோர் ஆள் எதற்கு? இரண்டாவது: 'யார் வந்தார்?' என்று எழுவாயையே வினவும்போது 'டூ' வாராது. 'ஹூ கேம்?' என்பதே முறை. மூன்றாவது: கேள்வி இன்னொரு வாக்கியத்திற்குள் அடங்கும்போது 'டூ' வாராது. 'அவர் எங்கே வாழ்கிறார்?' என்பது 'வேர் டஸ் ஹீ லிவ்?' என்றாகும். ஆனால், 'அவர் எங்கே வாழ்கிறார் என்று எனக்குத் தெரியாது' என்பதில் பிற்பகுதி 'வேர் ஹீ லிவ்ஸ்' என்றே வர வேண்டும். மூன்றாவதில் தவறுவோர் மிகப் பலர்.

விடை கூறும் முறை

இலக்கணப் பிழையால் மதிப்பெண்தான் குறையும் என்று எண்ணிவிடக் கூடாது. வேறு ஊரில் பயின்ற என் நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைக் கூறுகிறேன். அவர் உழவர் குடும்பத்திற் பிறந்தவர். கட்டணச் சலுகை கிடைத்தாலன்றிப் படிப்பைத் தொடர இயலாத நிலை. அவருடைய விடுதிக் காப்பாளர் ஒருநாள் சலுகைக்குரிய படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 'டிடன்ட் யூ அப்ளை?' என்று கேட்டார். 'நீ விண்ணப்பிக்கவில்லையா?' என்பது கேள்வி. நண்பர், 'ஆமாம், விண்ணப்பிக்கவில்லை' என்று மனத்திற் கருதி, 'யெஸ், சார்' என்று பணிவோடு கூறினார். காப்பாளர் தலையசைத்துவிட்டுப் படிவத்தை மேசைக்குள் வைத்துவிட்டார். கடைசி நாள் கடந்த பிறகே உண்மை விளங்கிற்று. அந்த ஆண்டுக் கட்டணத்திற்கு அவர் வீட்டில் ஒரு கறவை மாட்டை விற்றனர்.

யார்மேல் குற்றம்? இருவர்மேலும் இல்லை. இரு மொழிகள் 'ஆம்' என்னும் சொல்லை இருவேறு முறையில் ஆள்கின்றன. தமிழில், கேட்டவர் கூற்று சரியென்றால் 'ஆமாம்' என்கிறோம். 'நீ விண்ணப்பிக்கவில்லையா?' 'ஆமாம், விண்ணப்பிக்கவில்லை.' ஆங்கிலத்திலோ, கேட்டவர் கூற்றைப் பாராமல், நடந்த செயலையே பார்க்க வேண்டும். செயல் நடந்திருந்தால் 'யெஸ்', நடவாதிருந்தால் 'நோ'. கேள்வி எந்த வடிவத்தில் வந்தாலும் சரியே.

இதற்கு நான் எல்லோர்க்கும் கூறும் வழி ஒன்று. வெறும் 'யெஸ்' என்றோ 'நோ' என்றோ நிறுத்திவிடாதீர்கள். 'டூ' என்பதையும் சேர்த்தே விடை கூறுங்கள். 'யெஸ், ஐ டிட்' அல்லது 'நோ, ஐ டிடன்ட்'. முதற்சொல் தவறினாலும், பின்வரும் 'டிட்' உண்மையைக் காட்டிக்கொடுத்துவிடும். கேட்பவர் ஐயுற்று மீண்டும் கேட்பார். மூன்று சொற்களில் நிற்கும் அந்தக் குறுவிடை ஒரு காப்பு.

'அல்லவா?' என்னும் நம் சொல்லும் இத்தகையதே. 'நேற்று வந்தீர்கள் அல்லவா?' 'அவர் பாடுகிறார் அல்லவா?' என்று எல்லா இடத்திலும் அது மாறாமல் நிற்கிறது. நம்மவர் ஆங்கிலத்திலும் எல்லா இடத்திலும் 'இஸன்ட் இட்?' என்று ஒன்றையே ஒட்டிவிடுகின்றனர். வினைக்குள் ஒளிந்திருக்கும் 'டூ'வை வெளியே எடுத்தால் சரியான வால் கிடைத்துவிடும். 'யூ கேம் எஸ்டர்டே' என்பதில் 'டிட்' ஒளிந்திருக்கிறது. ஆகவே 'டிடன்ட் யூ?' என்பது அதன் வால். 'ஹீ சிங்ஸ்' என்பதில் 'டஸ்' ஒளிந்திருக்கிறது. ஆகவே 'டஸன்ட் ஹீ?' என்பது அதன் வால்.

எல்லா வினைக்கும் ஒரு வினை

'ஷீ சிங்ஸ் பெட்டர் தேன் ஐ டூ' என்னும் தொடரைப் பாருங்கள். இங்கே 'டூ' என்பது பாடுதலைக் குறிக்கிறது. வேறொரு தொடரில் அது ஓடுதலைக் குறிக்கும். இன்னொன்றில் உறங்குதலைக் குறிக்கும். பெயருக்குப் பதிலாக நிற்பது பிரதிப்பெயர் என்றால், இதனைப் பிரதிவினை எனலாம்.

நம் இலக்கண ஆசிரியர் இந்த உண்மையை நெடுங்காலத்திற்கு முன்னரே உணர்ந்திருந்தனர். 'செய்து', 'செய்பு', 'செய' என வினையெச்சங்களுக்கு வாய்பாடு வகுத்தபோது, எண்ணிறந்த வினைச்சொற்களுக்கும் ஒரு பேராளாக அவர்கள் தேர்ந்தெடுத்த சொல் 'செய்' என்பதே. 'வந்து', 'உண்டு', 'பாடி' ஆகிய யாவும் 'செய்து' என்னும் வாய்பாட்டில் அடங்கும். செய்வினை, செயப்பாட்டுவினை, செயப்படுபொருள் என்று கலைச்சொற்களையும் அதைக் கொண்டே ஆக்கினர். ஆங்கிலேயர் பேச்சில் 'டூ' பெற்றுள்ள இடத்தை, தமிழ் இலக்கணத்தில் 'செய்' பெற்றிருக்கிறது.

பேச்சுத்தமிழிலும் அத்தகைய வினை ஒன்று இன்று பெருகி வருகிறது. அது 'பண்ணு'. 'போன் பண்ணு', 'ட்ரை பண்ணு', 'வெயிட் பண்ணு' என்கிறோம். நம்மோடு பயிலும் இந்தி மாணவர் 'போன் கரோ' என்கின்றனர். கன்னட நண்பர் 'போன் மாடு' என்கின்றனர். அயல்வினையை நேரே ஏற்காமல், 'செய்' என்னும் பொருளுடைய தம் சொல் ஒன்றின் தோளில் ஏற்றிக்கொள்வது இந்நாட்டு மொழிகள் பலவற்றின் வழக்கம். இதில் வியப்பில்லை. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. ஆங்கிலத்தின் 'டூ' தன் மொழியின் வினைகளுக்கே துணை நிற்கிறது. அவற்றுள் ஒன்றையும் அது வெளியேற்றவில்லை. நம் 'பண்ணு' அயல்வினையைச் சுமந்து வரும்போது, 'முயல்', 'காத்திரு' போன்ற நம் வினைகள் வாசலைத் தாண்டி வெளியே போகின்றன. தொலைபேசி போன்ற புதுப்பொருளுக்கு வேண்டுமானால் சுமந்து வரட்டும். காத்திருத்தலையும் முயலுதலையும் தமிழர் ஆங்கிலேயரிடம் கற்றுக்கொள்ளவில்லையே!

நண்பர்களே, இவ்வளவும் படித்த பிறகு நீங்கள் செய்ய வேண்டுவது சிறிது. நாள்தோறும் இரவில், அன்று செய்த ஐந்து செயல்களை ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியமாக எழுதுங்கள். அவ்வைந்தையும் கேள்வியாக மாற்றுங்கள். பின்னர் எதிர்மறையாக மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் 'டிடன்ட் ஐ?' என்னும் வாலையும் ஒட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் முதல்வினை 'செய' வடிவில் நிற்கிறதா என்று சோதியுங்கள். வாய்விட்டும் படியுங்கள், அறைத்தோழர் சிரித்தால் சிரிக்கட்டும். ஒரு திங்கள் இவ்வாறு பழகினால், 'டூ' உங்கள் நாவிற்கு ஏவல் செய்யும். ஐயம் எழுந்தால் மாலையில் என் அறைக்கு வாருங்கள். வெறுங்கையோடு வர வேண்டா. எழுதிய ஏட்டோடு வாருங்கள்.